றொசாந்தன் ஒறுத்துவிட்ட கழுதை

திருநீற்றுப் புதன் பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டியதும் றொசாந்தனுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. நெற்றியில் பூசின சாம்பல் இன்னும் உதிரத் தொடங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பள்ளிமுனைச் சந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"இந்தத் தவக்காலம் நான் பெரிய ஒறுத்தல் ஒண்டு செய்யப்போறன்."

அவன் மனுசி அன்ரோனெற் பிள்ளையை இடுப்பில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள். நின்றுகூடப் பார்க்கவில்லை.

"போன வருசம் இறைச்சியை விட்டீங்கள்."

"விட்டனான்தானே!"

"நண்டும் இறாலும் கணவாயும் திண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு கால்சட்டை பொருந்தாமல் போச்சுது."

"அது கடல்ல வாறது. கடவுள் விட்டது."

"அதுக்கு முதல் வருசம் கோபத்தை விட்டீங்கள்."

"ஓம்."

"விட்டாச்சோ எண்டு கேட்டதுக்கு என்னோட ரெண்டு நாள் கதைக்கேல்ல."

பின்னால் வந்த பக்கத்து வீட்டு லூர்தம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தினாலும் தோள் குலுங்கியது தெரிந்தது. றொசாந்தனுக்குச் சுட்டது. கடலில் காற்று எதிர்த்தால் எஞ்சினை இன்னும் கொஞ்சம் முறுக்குகிறவன் அவன். இப்போதும் முறுக்கினான்.

"சரி! நான் கேமை விடுறன். கழுதைக் கேமை!"

அன்ரோனெற் நின்றாள். லூர்தம்மாவும் நின்றாள். பிள்ளை கிருஷிகாகூட விரல் சூப்புவதை நிறுத்திவிட்டுத் தகப்பனைப் பார்த்தது.

அது சின்ன விசயமில்லை. கொழும்புக்குப் போனபோது அவன் ஒரு கேம் மெசினைப் பழையதாக வாங்கி வந்திருந்தான். அதற்குள்ளே ஒரு விளையாட்டு. சிவப்புச் சப்பாத்துப் போட்ட கழுதைக்குட்டி ஒன்று, வானத்தில் மிதக்கிற தீவுகளில் தாவித் தாவி மணி பொறுக்கும். புதிதாகச் செய்த விளையாட்டுத்தான், ஆனால் வேண்டுமென்றே பழைய காலத்து விளையாட்டைப்போலச் செய்திருந்தார்கள். முகில் எல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கும். மரம், கடதாசி மட்டையில் வெட்டி ஒட்டினதுபோல நிற்கும். கழுதையின் மூக்குக்கு நாலு மூலை. "ஊர் ரோட்டெல்லாம் கழுதை நிண்டு பஸ்ஸை மறிக்குது, அது காணாதெண்டு வீட்டுக்குள்ளயும் ஒண்டு கட்டியிருக்கிறார்" என்று அன்ரோனெற் முதல் நாளே சொன்னாள். ஆனால் றொசாந்தன் கடலால் வந்து வலையைக் காயப் போட்டால், அடுத்த வேலை கழுதைதான். சோறு ஆறும். பிள்ளை அழும். கழுதை தாவும்.

"உண்மையாவோ?" என்றாள் அன்ரோனெற்.

"உயிர்த்த ஞாயிறு வரும் மட்டும் அதில கை வைக்க மாட்டன். வைச்சால், அண்டையோட மெசின் உனக்கு. பிறகு நான் உன்னட்டக் கேட்டுத்தான் விளையாடுவன்."

"மாமி, கேட்டனீங்கள்தானே?"

"கேட்டன் பிள்ளை," என்றாள் லூர்தம்மா. "எனக்கு ஒரு காது மந்தம். ஆனா இது மற்றக் காதில விழுந்தது."

வீட்டுப் படலைக்குக் கிட்ட வந்தபோது றொசாந்தனுக்குச் சூடு கொஞ்சம் தணிந்துவிட்டது. "தவக்காலத்தில ஞாயிற்றுக்கிழமையள் கணக்கில வராது, தெரியுமோ?" என்று மெல்ல ஆரம்பித்தான்.

"அப்பிடியோ? வாற ஞாயிறு ஃபாதரிட்டக் கேட்பம். எல்லாருக்கும் முன்னால கேட்பம்."

"வேண்டாம். அவருக்கு வேலை கூட."

முதல் கிழமை கஷ்டப்பட்டான். கடலில் மிதவைக் கட்டையைக் கண்டால் அதில் தாவலாம்போல இருந்தது. ஆனாலும் பொறுத்தான். கேமில் வெளிச்சவீட்டுத் தீவிலே கதவைத் திறக்க முடியாமல் மாசக்கணக்காகச் சிக்கி நின்ற கழுதை பத்திரமாக அங்கேயே நிற்கும், உயிர்த்த ஞாயிறு மத்தியானம் போய்த் தாண்டிவைக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஊரில் வேறு ஒருவரிடமும் இந்தக் கேம் இல்லை. முடித்தால் அவன்தான் முதல் ஆள்.

ஒரு நாள் கடலால் வந்து உடுப்பு மாற்றும்போது, ரிவிக்குக் கீழே இருந்த மெசின் பக்கம் ஒரு மாதிரி வெக்கை அடித்தது.

சந்தேகம் அங்கேதான் முளைத்தது.

தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கை வைக்க மாட்டேன் என்று சொன்ன வாய். றொசாந்தன் யோசித்தான். கைதானே வைக்கக் கூடாது? குனிந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, மெசினில் கன்னத்தை வைத்தான். நல்ல சூடு.

"என்னப்பா, அதுக்கும் சுகமில்லையோ?"

அன்ரோனெற் குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள்.

"தூசு இருக்கோ எண்டு பார்த்தனான்."

"கன்னத்தாலயோ?"

"அது... சூடா இருக்கு."

"வெயில்."

றொசாந்தன் யன்னலைப் பார்த்தான். யன்னல் மேற்குப் பக்கம். நேரம் காலமை. வெயில் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாலொழிய அந்த மெசினில் விழ வழியில்லை. இதைச் சொல்ல வாயைத் திறந்தான். மூடினான். மெசினைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், "ஒறுத்தவருக்கு அதில என்ன அவ்வளவு கவனம்?" என்று மறுகேள்வி வரும்.

அன்றிலிருந்து மனுசியைக் கவனிக்கத் தொடங்கினான். கவனிக்கக் கவனிக்க எல்லாமே பிழையாகத் தெரிந்தது. பிள்ளையை ஏணையில் ஆட்டும்போது அவள் முணுமுணுக்கிற பாட்டு எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. சோற்றில் கை வைத்தபடி யோசித்தான். பனித்தீவுப் பாட்டு! அவன் பனித்தீவுக்குப் போனதே கிடையாது. அது வெளிச்சவீட்டுக்கு அங்கால்!

போனதில்லை என்றால் பாட்டு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கேமின் தொடக்கத்தில் எல்லாத் தீவையும் ஒருக்கால் காட்டும், அதோடு அந்தப் பாட்டும் ஒரு துண்டு வரும். துண்டுதான் வரும். அன்ரோனெற் முழுப் பாட்டையும் பாடினாள்.

அடுத்த நாள் கடலுக்குப் போக முன்னம் ஒரு பொறி வைத்தான். கிழிந்த வலை பொத்துகிற தங்கூசி நூலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துண்டொன்றை எடுத்து, மேசைக் காலையும், கையில் பிடித்து விளையாடுகிற கொன்றோலரையும் சேர்த்து முடிந்துவிட்டான். யாராவது கொன்றோலரை எடுத்தால் நூல் அறும். திரும்பி வந்து ஓடிப்போய்ப் பார்த்தான்.

நூல் அறவில்லை. முடிச்சும் இருந்தது. ஆனால் அது அவன் போட்ட முடிச்சில்லை. அதைவிட நல்ல முடிச்சு. வங்காலையில் தகப்பன் வீட்டில் வலை பொத்தி வளர்ந்தவளின் முடிச்சு.

றொசாந்தன் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். லூர்தம்மா கருவாடு திருப்பிக்கொண்டு நின்றாள்.

"மாமி, நான் கடலுக்குப் போனாப்போல எங்கட வீட்டில என்ன சத்தம் கேக்குது?"

"பிள்ளை அழுற சத்தம்."

"வேற?"

"பிள்ளை அழாத சத்தம்."

"மணிச் சத்தம் ஏதும்?"

"கோயில் மணி கேக்கும்."

"கோயில் மணியில்ல மாமி. டிங், டிங், டிங்கெண்டு, பிறகு கழுதை கத்துற மாதிரி..."

"கழுதை இஞ்ச எந்த நேரமும் கத்துதுதானே தம்பி. எது உங்கட கழுதை, எது ரோட்டுக் கழுதையெண்டு எனக்கென்னெண்டு தெரியும்?" அவள் ஒரு கருவாட்டைப் புரட்டிப் போட்டாள். "எதுக்குக் கேக்கிறீர்? நீர்தான் ஒறுத்துப்போட்டீரே."

இவளும் கூட்டு என்று றொசாந்தன் முடிவு கட்டினான்.

இனி ஒரே வழிதான். போட்டுப் பார்க்க வேண்டும். பார்ப்பது விளையாட்டில்லை. சாராயக் கடையை எட்டிப் பார்த்தவன் குடிகாரனா? இப்படித் தனக்குத் தானே வழக்காடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான். வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரும் சிலுவைப்பாதைக்குப் போவார்கள். அவன் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தான்.

"முதுகு பிடிச்சிட்டுது."

"ஐயோ பாவம்," என்றாள் அன்ரோனெற். ஐயோவும் இருந்தது, பாவமும் இருந்தது, இரண்டும் கொஞ்சம் சுருக்காக வந்துவிட்டதோ என்று அவனுக்குப் பட்டது. "நீங்கள் படுங்கோ. நானும் மாமியும் பிள்ளையோட போட்டு வாறம். ஆறுதலாத்தான் வருவம்."

படலை சாத்துப்பட்டதும் முதுகு சுகமாயிற்று.

மெசினைப் போட்டான். ரிவியைப் பார்த்தான். வாய் திறந்தது திறந்தபடி.

கழுதை வெளிச்சவீட்டில் இல்லை. வெளிச்சவீட்டைத் தாண்டி, பனித்தீவைத் தாண்டி, உப்புத்தீவில் நின்று வாலை ஆட்டியது. மணிகள் பெருகியிருந்தன. அவன் மாசக்கணக்காக முட்டி மோதின வெளிச்சவீட்டுக் கதவு, ஆளில்லாத வீட்டுப் படலைபோல ஆவென்று திறந்து கிடந்தது. உப்புத்தீவில் புதிதாக ஓர் ஓட்டப் போட்டி. வெற்றிப் பலகையில் ஒரே ஒரு பெயர். மூன்று எழுத்துத்தான் போடலாம். ஏ, என், ரி.

அன்ரோனெற்!

அந்த ஓட்டத்தில் இன்னொரு வினோதம். ஓடத் தொடங்கினால், முன்னம் வென்றவரின் கழுதை நிழல்போலக் கூடவே ஓடிவரும். அவர் எப்படி ஓடினாரோ அப்படியே ஓடும். ஒரு கரணம் பிசகாது. றொசாந்தன் பார்ப்பதற்காக மட்டும் ஒரு ஓட்டம் ஓடினான். மனுசியின் நிழல் கூரையால் ஏறி, காற்றாடியில் தொங்கி, அவன் இருப்பதே தெரியாத குறுக்கு வழியால் பறந்தது. அவன் பாதி வழியில் கடலுக்குள் விழுந்தான். நிழல் கழுதை எல்லைக் கோட்டில் நின்று அவனைப் பார்த்து வாலை ஆட்டியது.

"இன்னொருக்காப் பார்ப்பம்," என்றான்.

அன்று பின்னேரம் முழுக்கப் பார்த்தான்.

அடுத்த வெள்ளியும் முதுகு பிடித்தது. அதற்கடுத்த வெள்ளியும். லூர்தம்மா எண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். "வெள்ளிக்கிழமையில மட்டும் வாற முதுகு வலியை நான் என்ர காலத்தில கேள்விப்படேல்ல தம்பி." அன்ரோனெற் முறைப்பாடு ஒன்றும் இல்லாமல் எண்ணெய் பூசிவிட்டாள். அதுதான் அவனுக்கு ஆகப் பெரிய சந்தேகம். ஏசாத மனுசி எதையோ ஒளிக்கிறாள். என்ன ஒளிக்கிறாள் என்று கேட்கலாம், கேட்டால் "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்பாள். களவு பிடிக்கப் போனவன் கையில் களவெடுத்த சாமான். றொசாந்தன் வாயை இறுக்கிக்கொண்டு குப்புறப் படுத்தான்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளி, ஒரு அதிசயம் நடந்தது. றொசாந்தன் வென்றுவிட்டான்! நிழல் கழுதை எல்லைக் கோட்டுக்கு வர ஒரு மூக்கு நீளம் இருக்க, அவன் கழுதை பாய்ந்து விழுந்தது. அவன் துள்ளினதில் சுவரில் இருந்த மாதா படம் சரிந்தது. நிமிர்த்திவைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

மெசின் பெயர் கேட்டது.

ஆர் என்ற எழுத்தை நோக்கிப் போன விரல் நின்றது. அடடா! அவன் பெயர் பலகையில் ஏறினால் அன்றோடு மெசின் போய்விடுமே. பெயர் போடாமல் விடவும் மெசின் விடாது. றொசாந்தன் தலையைச் சொறிந்தான். பிறகு சிரித்தான். பள்ளிமுனையில் இப்படி ஒரு மூளை இன்னொரு தலைக்குள் இல்லை என்று நினைத்தபடி, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டான்.

ஏ. என். ரி.

தன் வெற்றியைத் தானே மனுசியின் பேரில் எழுதிவைத்த முதல் ஆம்பிளை அவனாகத்தான் இருப்பான். கொஞ்சம் வயிறு எரிந்தது. போகட்டும். உயிர்த்த ஞாயிறு வரட்டும், மெசின் கைக்கு வரட்டும்.

வந்தது. பூசை முடிந்து, கோழிக் கறியும் சாப்பிட்டு முடிந்து, லூர்தம்மா பலகாரத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். றொசாந்தன் கையைக் கழுவித் துடைத்தான்.

"தவக்காலம் முடிஞ்சுது. ஒறுத்தலும் முடிஞ்சுது. எடு கொன்றோலரை!"

"இருங்கோ," என்றாள் அன்ரோனெற். "நானும் ஒண்டு சொல்லோணும். நான் இதில விளையாடினனான்."

றொசாந்தன் நெஞ்சில் கை வைத்து அதிர்ந்து காட்டினான். கொஞ்சம் கூடத்தான் அதிர்ந்துவிட்டான்.

"நீயோ! எனக்குத் தெரியாமலோ!"

"நான் ஒறுக்கேல்லத்தானே. நாள் முழுக்கப் பிள்ளையும், தோய்ச்ச உடுப்பும், அடுப்பும். இந்த வீட்டில நான் சொன்ன பக்கம் போறது அந்தக் கழுதை ஒண்டுதான்." அவள் மெசினைப் போட்டாள். "மாமிக்கு ஓட்டப் போட்டியை ஒருக்கால் காட்டுவம். பாருங்கோ மாமி, இந்த நிழல்தான் வெண்ட ஆள்."

நிழல் கழுதை புறப்பட்டது. முதல் கடல் இடைவெளி வந்தது. கழுதை ஓரத்தில் நின்றது. முன்னங்காலை மடித்து, தலையைத் தாழ்த்தி, முழந்தாளிட்டது. பிறகுதான் பாய்ந்தது. இரண்டாவது கடல் இடைவெளி. திரும்பவும் முழந்தாள். திரும்பவும் பாய்ச்சல்.

லூர்தம்மா பலகாரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எடி பிள்ளை! இது எங்கட ஆக்கள்!"

வள்ளம் வாய்க்காலைத் தாண்டிக் கடலில் இறங்கும்போது, கோயில் பக்கம் திரும்பி ஒரு முழந்தாளிட்டுச் சிலுவை போடாமல் பள்ளிமுனையில் ஒருவனும் தொழிலுக்குப் போக மாட்டான். றொசாந்தன் சின்ன வயதிலிருந்து போட்டுப் போட்டு, அது அவனுக்கு மூச்சு விடுவதுபோல. தண்ணியைக் கண்டால் முழங்கால் மடியும். கொன்றோலரில் குனிகிற பொத்தானைக் கடலைக் கண்ட இடமெல்லாம் அவன் விரல் தானாகவே அமத்தியிருக்கிறது. அவனுக்கே அது இன்றைக்குத்தான் தெரியும்.

"நான் முழந்தாளிடுறேல்ல," என்றாள் அன்ரோனெற் அமைதியாக. "நான் வீட்டுக்குள்ள இருக்கிறவள். எனக்கு எந்த வாய்க்கால்?"

றொசாந்தன் வேர்த்தான். "அது... தவக்காலத்துக்கு முதல் ஓடினதாயிருக்கும். பழைய நிழல்."

"தவக்காலத்துக்கு முதல் உப்புத்தீவு திறபடவேயில்லையே. வெளிச்சவீட்டைத் தாண்டினாத்தானே திறபடும். தாண்டினது நான்."

"பேரைப் பாரன்! உன்ர பேர்தானே கிடக்கு! நான் வெண்டிருந்தால் உன்ர பேரைப் போடுவனோ?"

"நான் பேரைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே அப்பா."

லூர்தம்மா மந்தமான காதையும் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

றொசாந்தன் கதிரையில் சரிந்தான். கடைசியாக ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. "சரி. பிடிபட்டன். ஆனா வெண்டனான்! உன்னை வெண்டனான். அதையாவது ஒத்துக்கொள்."

அன்ரோனெற் அவனைப் பார்த்தாள். எண்ணெய் பூசினபோது பார்த்த அதே பார்வை.

"எத்தினை தரம் ஓடினதெண்டு அது கணக்குக் காட்டுமப்பா. நீங்கள் தோத்துத் தோத்து, வெள்ளிக்கு வெள்ளி இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதைப் பார்க்கப் பாவமா இருந்தது. அதான் நான் கெதியா ஓடி வெண்ட நேரத்தை மெசினில இருந்து அழிச்சுப்போட்டு, பிள்ளையை ஒரு கையில வைச்சுக்கொண்டு, மெதுவா இன்னொருக்கால் ஓடிவைச்சனான். அப்பவும் ஒரு கிழமை எடுத்தீங்கள்."

மெசின் அன்றோடு அன்ரோனெற்றுக்கு ஆயிற்று. சாட்சி சொல்ல லூர்தம்மா பலகாரம் முடியும் மட்டும் இருந்தாள்.

ஆனால் அன்ரோனெற் நெஞ்சு கல்லில்லை. அடுத்த நாள் பின்னேரம் றொசாந்தன் வாசலில் குந்தியிருந்து ரோட்டுக் கழுதைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோது, உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்கோ. ரெண்டு பேர் சேர்ந்தும் விளையாடலாம். நான் கழுதை. நீங்கள் மின்மினிப் பூச்சி. குகைக்குள்ள நான் போகேக்க எனக்கு வெளிச்சம் பிடிக்கோணும்."

அலுமாரிக்கு மேலிருந்து இரண்டாவது கொன்றோலரை எடுத்துத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள். றொசாந்தன் உடம்பெல்லாம் சிலிர்த்து உட்கார்ந்தான். கழுதை இருட்டுக் குகைக்குள் இறங்கியது. மின்மினி அதன் தலைக்கு மேல் பளிச்சென்று பறந்தது. கழுதை இடம் போனால் மின்மினி இடம், வலம் போனால் வலம். றொசாந்தன் கொன்றோலரை முறுக்கி, உடம்பை வளைத்து, நாக்கைக் கடித்து உழைத்தான்.

"எப்பிடி என்ர வெளிச்சம்?"

"சோக்கா இருக்கு. நீங்கள் இல்லாட்டி நான் எப்பவோ விழுந்திருப்பன்."

அந்தக் கிழமை முழுக்க அவன் கடலால் வந்ததும் வராததுமாக வெளிச்சம் பிடித்தான். கூடப் போகிறவர்களிடமும் சொன்னான். கழுதை யாரும் ஓட்டலாம், வெளிச்சம் பிடிக்கிறதுதான் நுட்பம் என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு மனுசிமேல் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

சனிக்கிழமை குகை முடிந்து கழுதை வெளியே வந்தபோது, பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்த லூர்தம்மா மெல்லக் கேட்டாள்.

"தம்பி, அந்தக் கொன்றோலரின்ர பற்றரி ரெண்டையும் போன மாசமே எங்கட சுவர் மணிக்கூட்டுக்கு அன்ரோனெற் கழட்டித் தந்தவ, நீர் பிறகு வேற போட்டனீரோ?"